விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை: குறை என்னிடமா, காலத்திலா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. 2023-இல் பொறியியலில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்பு) முடித்தீர்கள். 74 சதவீதம், அரியர் இல்லை. வளாகத் தேர்வுக்கு வழக்கமாக வரும் நிறுவனங்களில் பல அந்த ஆண்டு உங்கள் கல்லூரிப் பக்கமே வரவில்லை. ஒன்றரை ஆண்டாக ஐ.டி. வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், பெரும்பாலானவற்றுக்குப் பதிலே கிடையாது. இரண்டு வருட அனுபவம் இருப்பதாகப் போட்டுக்கொள் என்கிறாள் தோழி. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுது என்கிறார் அப்பா. அம்மா வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் திரும்பப் படித்தபோது அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகப் பட்டது: பதிலே வராமல் இருப்பதை என்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது. அதற்கு முதலில் பதில் சொன்னால்தான் மற்றவற்றுக்குச் சொல்ல முடியும்.

நான் சென்னையில் ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு கன்சல்டன்சியில், பிறகு நிறுவனங்களுக்குள்ளேயே. ஃப்ரெஷர், அனுபவஸ்தர் இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. தொழிற்சாலை வேலை, அரசுத் தேர்வு இரண்டும் எனக்கு வெளியிலிருந்து பார்த்த அளவுதான். அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் ஒரு லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. கொரோனாவுக்குப் பிறகு உலகமே டிஜிட்டலுக்கு மாறுகிறது என்ற வேகம், கடனுக்கு வட்டி கிட்டத்தட்ட இல்லை என்ற வசதி, இரண்டும் சேர்ந்து செய்த வேலை அது. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது, 2023 ஜூலையில் அது 5.25–5.50 சதவீதத்தில் நின்றது. நம் நிறுவனங்களின் பெரிய வாடிக்கையாளர்கள் இருப்பது அங்கேதான். அவர்கள் புதுத் திட்டங்களைத் தள்ளிப்போட்டார்கள், இங்கே ஆள் எடுப்பது நின்றது. 2023-24 நிதியாண்டு முடிந்தபோது டி.சி.எஸ்.ஸில் 13,249 பேர் குறைந்திருந்தார்கள், இன்ஃபோசிஸில் 25,994 பேர், விப்ரோவில் 24,516 பேர். 2004-இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு டி.சி.எஸ்.ஸின் ஆண்டுக் கணக்கில் ஆள் எண்ணிக்கை குறைந்தது அதுவே முதல் தடவை. இந்தக் குறைவில் பெரும்பகுதி, விலகிப் போனவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டதால் வந்தது. ஃப்ரெஷர்கள் வந்து உட்காரும் நாற்காலி அதுதான். போதாக்குறைக்கு, 2022 பேட்சில் ஆஃபர் லெட்டரோடு ஜாய்னிங் தேதிக்குக் காத்திருந்தவர்களும் உங்களுக்கு முன்னால் நின்றார்கள். நீங்கள் பட்டம் வாங்கியது சரியாக அந்த நேரத்தில்.

படித்தவர்களுக்கு இங்கே வேலை கிடைப்பது சிரமம் என்பது இந்த மந்தத்துக்கு முன்பே உள்ள கதை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனிதவள மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022-இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படித்ததால் வேலை போயிற்று என்று இதற்கு அர்த்தமில்லை. படிக்காதவருக்கு வேலையில்லாமல் வீட்டில் இருக்க வழியே இல்லை, கிடைத்ததைச் செய்தாக வேண்டும். காத்திருக்க முடிபவர்கள்தான் புள்ளிவிவரத்தில் வேலையற்றவர்களாகத் தெரிவார்கள்.

சரி, பதில் ஏன் வருவதில்லை? ஒரு ஃப்ரெஷர் விளம்பரம் போட்டால் ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும். அவ்வளவையும் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. முதலில் வடிகட்டுவோம்: எந்த ஆண்டு பேட்ச், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் உண்டா, அரியர் பாக்கி இருக்கிறதா, படிப்புக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா. உங்களைத் தள்ளுவது பெரும்பாலும் பேட்ச்தான் என்று நினைக்கிறேன். 2024, 2025 என்று இரண்டு ஆண்டுகளை மட்டும் டிக் செய்துவிட்டால் உங்கள் ரெஸ்யூமே திரைக்கே வராது. மிஞ்சியதிலும் முதலில் வந்தவற்றைத் திறப்போம். தேவையான பேர் கிடைத்துவிட்டால் மற்றதைத் தொடமாட்டோம். விளம்பரம் வந்து பத்து நாள் கழித்து அனுப்பிய விண்ணப்பம் யார் கண்ணிலும் படாமலே போயிருக்கலாம்.

வெளியில் அதிகம் தெரியாத இன்னொன்றும் உண்டு. விளம்பரம் இருப்பதால் காலியிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ப்ராஜெக்ட் கையெழுத்தாகிவிடும் என்று நம்பி முன்கூட்டியே ரெஸ்யூமே சேர்த்து வைப்பது வழக்கம். ப்ராஜெக்ட் தள்ளிப்போனால் ஆள் எடுக்க வேண்டிய அப்ரூவலும் நின்றுவிடும். ஆனால் விளம்பரம் அப்படியே தொங்கும், சரக்கு தீர்ந்த பிறகும் கடை வாசலில் தொங்கும் போர்டு மாதிரி. அப்ரூவல் வந்தாலும், பெஞ்சில் இருப்பவர்களை, அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் நிறுவனத்துக்குள்ளேயே காத்திருப்பவர்களை, முதலில் பார் என்பார்கள். அதற்கப்புறம் ஊழியர்கள் கொடுத்த ரெஃபரல். அதற்கும் அப்புறம்தான் போர்ட்டலில் வந்தவை. இல்லை என்று ஒரு மெயிலாவது போடக்கூடாதா என்று நீங்கள் கேட்டது நியாயம். 'ஹோல்டில்', அதாவது தற்காலிகமாக நிறுத்தி, வைத்திருக்கும் இடத்துக்கு நிராகரித்து மெயில் போட்டுவிட்டால் நாளை அவரையே கூப்பிடுவது சங்கடம் என்று போடாமல் விடுகிறார்கள். நிறுவனத்துக்கு அது வசதி, காத்திருப்பவருக்குக் கொடுமை. இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை.

ஆக, பதில் வராததில் உங்களைப் பற்றிய தகவல் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. தகவல் இருப்பது அடுத்த கட்டங்களில். ஆன்லைன் டெஸ்ட்டுக்கே கூப்பிடுவதில்லை என்றால் பிரச்சினை வடிகட்டியிலும் வழியிலும் இருக்கிறது. அங்கே நீங்கள் இன்னொரு கோர்ஸ் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, விண்ணப்பம் போகும் வழியை மாற்ற வேண்டும். டெஸ்ட் எழுதுகிறீர்கள், அதற்கு மேல் போகவில்லை என்றால் ஆப்டிட்யூடிலோ கோடிங்கிலோ பயிற்சி போதவில்லை. இரண்டு மூன்று மாதம் தினமும் உட்கார்ந்தால் சரியாகக்கூடியது. டெக்னிக்கல் ரவுண்டில் நிற்கிறது என்றால், ரெஸ்யூமேயில் எழுதியதை உங்களால் விளக்க முடியவில்லை என்று அர்த்தம். நான் பார்த்தவரை இ.சி.இ. மாணவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஜாவா, பைத்தான், டேட்டா சயின்ஸ், கிளவுட் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டால் பதில் இருக்காது. எச்.ஆர். ரவுண்டு வரை போய் நிற்கிறது என்றால், பெரும்பாலும் இடமே காணாமல் போயிருக்கும். இருநூறு விண்ணப்பத்துக்கு வேலை இல்லை என்று மொத்தமாக எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது, மனம்தான் நோகும்.

வழியை மாற்றுவது என்றேனே, அது ரெஃபரல். ஆள் பிடிப்பது என்று முகம் சுளிக்காதீர்கள். பல நிறுவனங்களில் ரெஃபர் செய்து ஆள் சேர்ந்தால் அந்த ஊழியருக்கு போனஸ் உண்டு, ஆகவே நீங்கள் கேட்பது தர்மம் இல்லை. யாரிடம் கேட்பது? நெருங்கிய தோழிகளிடம் கேட்டுப் பயன் குறைவு. உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும், அவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே தேடிக்கொண்டிருப்பார்கள். லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வும், ஓரளவு மட்டுமே பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது என்று காட்டியது. உங்களுக்கு அது யாரென்றால் கல்லூரியில் இரண்டு மூன்று வருட சீனியர்கள், ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் கூட இருந்த வேறு பிரிவுக்காரர்கள், ஊரில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்த அக்கா. 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் அக்கா' என்று அனுப்பினால் சரிம்மா என்பதோடு நின்றுவிடும். அவர்கள் நிறுவனத் தளத்தில் ஒரு வேலையை நீங்களே தேடி, அதன் எண்ணையும் ஒரு பக்க ரெஸ்யூமேயையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்களுக்கு இரண்டு நிமிட வேலைதான் என்றால் செய்துவிடுவார்கள்.

இடைவெளி நீள நீள மதிப்பு குறையுமா என்ற பயத்துக்கு வருகிறேன். குறையும். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 100 நகர்ப் பகுதிகளில் சுமார் 3,000 விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. வேலையில்லாத காலம் கூடக்கூட அழைப்புகள் குறைந்தன. சரிவு பெரும்பாலும் முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நடந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு: வேலை அருகியிருந்த ஊர்களில் இந்தச் சரிவு குறைவாக இருந்தது. எல்லோருக்கும் இடைவெளி இருக்கும்போது, அதை வைத்து ஒருவரைத் தனியாகச் சந்தேகிக்க முடியாது. இது அமெரிக்க ஆய்வு, பேட்ச் வைத்து வடிகட்டும் நம் பழக்கம் அங்கே கிடையாது, ஆகவே அப்படியே பொருந்தாது. ஆனால் இன்டர்வியூ அறைக்குள் வந்துவிட்ட 2023 பேட்ச்காரரிடம் 'ஏன் இவ்வளவு நாள்' என்று கேட்பவர்களின் குரலில் முன்பிருந்த கடுமை இப்போது இல்லை என்பதை நானே பார்க்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில், கூச்சப்படாமல், உண்மையான பதில் வைத்திருங்கள்.

தோழி சொன்னபடி போலி அனுபவம் போடுவதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: வேண்டாம். ஒழுக்கத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடுங்கள், நடைமுறையிலேயே அது ஓட்டை. இரண்டு வருடம் வேலை செய்தவருக்குப் பெரும்பாலும் பி.எஃப். கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். எண்ணின் வரலாற்றில் எந்த நிறுவனம், எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார் என்பதெல்லாம் தெரியும். வரி விவரப் படிவத்தையும் சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்டையும் கேட்பார்கள். சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் கொடுப்பதால் முடிவு வரச் சில வாரம் ஆகும். சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, ஊரெல்லாம் இனிப்பு கொடுத்த பிறகு, லேப்டாப்பை வைத்துவிட்டுப் போ என்பார்கள். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டாமல் தப்பியவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருட அனுபவத்துக்கு உரிய வேலையை முதல் நாளிலிருந்து செய்து காட்ட வேண்டுமே.

இதை ஒட்டியே இன்னொரு எச்சரிக்கை. 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று பணம் கேட்கும் பயிற்சி மையங்கள், செக்யூரிட்டி டெபாசிட் கேட்கும் கன்சல்டன்சிகள், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்பவர்கள், இந்த மூன்றிலும் கால் வைக்காதீர்கள். ஆள் எடுக்கும் நிறுவனம்தான் கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்கும், வேலை தேடுபவர் கொடுப்பதில்லை. ஆன்லைனில் ஏமாந்து பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். நேரம் போனால் பணத்தை முடக்கும் வாய்ப்பும் போய்விடும்.

அப்பா சொல்லும் குரூப் 4. இது என் துறை இல்லை, எண்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன். 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல், எழுதியவர்கள் ஏறத்தாழ 15.9 லட்சம். பிறகு இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும் விகிதம் பெரிதாக மாறிவிடவில்லை. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு அது, எம்.இ. முடித்தவர்களும் எழுதுகிறார்கள். எழுதக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அரசு வேலை உங்களுக்கே பிடித்திருந்தால் ஒழுங்காகப் படித்து எழுதுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் இலவசமாகவே வகுப்பு நடக்கிறது. ஐ.டி. கிடைக்கவில்லை, அதனால் இது என்று ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்தால்தான் இரண்டும் போகும். போகிற போக்கில் ஒன்று: அதே அலுவலகத்தில் வேலையற்ற பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு, பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்குக் கிடையாது. பொறியாளருக்கு வேலையில்லாமல் போகாது என்று ஒரு காலத்தில் அரசே நம்பியிருக்கிறது போல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பார்த்திருக்கும் வழி, நீங்கள் கேள்வியில் குறிப்பிடாத ஒன்று. தரமணியில் உள்ள மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாகப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சி கிடைக்கிறது. நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், தனியார் நிறுவனங்கள் எல்லாம் இதில் ஆள் எடுக்கின்றன. 2019-இல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாயை வைத்தது. சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதுவே போய்விடும், ஆண்டு முடிந்தால் வேலை நிச்சயம் என்றும் இல்லை. ஆனால் ரெஸ்யூமேயில் பொய் இல்லாத ஓர் ஆண்டு ஏறும். உங்கள் பாடம் இ.சி.இ. என்பதையும் ஏன் மறந்துவிட்டீர்கள்? 2023-24-இல் இந்தியாவிலேயே அதிக மின்னணுப் பொருள் ஏற்றுமதி செய்த மாநிலம் தமிழ்நாடு, 956 கோடி டாலர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகளில் தரச் சோதனை, டெஸ்டிங், ப்ராசஸ் போன்ற பிரிவுகளுக்கு உங்கள் படிப்பு பொருந்தும். அங்கே டிப்ளமோகாரர்களுக்கே முன்னுரிமை, ஷிஃப்ட் கடினம் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சேரும் முன் உள்ளே வேலை செய்யும் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

சின்னச் சம்பளத்தில் நுழைந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்ற உங்கள் கவலைக்குக் கொஞ்சம் ஆதாரத்தோடு பதில் உண்டு. கனடாவில் பல ஆண்டுப் பட்டதாரிகளின் வருமானத்தைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மந்தகாலத்தில் பட்டம் பெற்றவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். ஐந்தாண்டுக்குள் அந்த வித்தியாசம் பாதியானது, பத்தாண்டில் ஏறத்தாழ மறைந்தது. மீண்டது எப்படி என்றால், முதலில் கிடைத்த சின்ன நிறுவனத்திலிருந்து நல்ல நிறுவனத்துக்கு மாறி மாறித்தான். மாறாமல் உட்கார்ந்தவர்களுக்கு இழப்பு நீண்டது. அது ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு. இங்கே ஒரு பெண் ஊர் மாறுவதும் கம்பெனி மாறுவதும் அவள் கையில் மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் வரன் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்கிறேன்: வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போடுவதைவிட, ஒரு தேதி வரை அவகாசம் கேளுங்கள். 'அடுத்த மார்ச் வரை இதைத்தான் செய்யப்போகிறேன், இன்னின்ன வழியில்' என்று எழுதிக் காட்டினால் இறங்கி வரும் வீடுகள் உண்டு.

கடைசியாக, நேரம் நிறைய இருந்தும் எதுவும் செய்ய முடியவில்லை, சோம்பேறி ஆகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற சிற்றூரில் நூற்பாலை மூடியபோது, மொத்த ஊரும் வேலையிழந்து எப்படி வாழ்ந்தது என்று 1930-களின் தொடக்கத்தில் சில ஆய்வாளர்கள் உடனிருந்து பார்த்தார்கள். நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். சோம்பல் அல்ல அது, வேலை போனதன் விளைவு. பெண்களுக்கு மட்டும் ஓய்வில்லை, அவர்கள் தலையில் வீட்டு வேலை இருந்தது. 'சும்மாதானே இருக்கே' என்று உங்கள் நாளில் எத்தனை மணி நேரம் அடுப்படிக்குப் போகிறது என்று பாருங்கள். காலையில் மூன்று மணி நேரமாவது வீட்டுக்கு வெளியே, கிளை நூலகத்திலோ எங்கேயோ உட்கார முடிந்தால் நல்லது. தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் போகிறது என்று எழுதியிருப்பதை நான் லேசாக எடுக்கவில்லை, ஆனால் நான் மருத்துவன் இல்லை. 14416 மத்திய அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ரெஸ்யூமே பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெயர், எண், கல்லூரி மூன்றையும் நீக்கிவிட்டு இங்கேயே போடுங்கள். கூடவே, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை டெஸ்ட்டுக்கு அழைப்பு வந்தது, எந்த ரவுண்டு வரை போனது என்பதையும் எழுதுங்கள். ரெஸ்யூமேயைவிட அதைப் பார்த்துத்தான் என்னால் ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியும்.